ஆத்தாளுக்கு இளையவன்

பாடையின் முன்கழிக்குத் தோள் கொடுக்கக் குனிந்த முத்தமிழ்செல்வனின் கையைச் சாமிதுரை தட்டிவிட்டான். தட்டியது லேசாகத்தான். ஆனால் தெருவே பார்த்தது.

“அண்ணே…”

சாமிதுரை தம்பியின் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற பங்காளி ஒருவரின் தோளைப் பிடித்து இழுத்து அந்த இடத்தில் நிறுத்தினான். “ம், தூக்குங்க” என்றான். ஜெகதாம்பாள் தூக்கப்பட்டாள். பெற்ற மகன் ஒருவன் தோள் கொடுக்க, இன்னொரு மகன் வெறுங்கையோடு பின்னால் நடந்தான்.

முத்தமிழ்செல்வன் வீடு வந்து சேர்ந்து முழுதாக ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. முந்தின நாள் விடிகாலையில் அம்மா போய்விட்டாள் என்று சேதி வந்தது. மாலத்தீவில் அவன் வேலை பார்க்கும் தீவிலிருந்து படகு, மாலேயிலிருந்து விமானம், கொழும்பில் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்து இன்னொரு விமானம், திருச்சியிலிருந்து வாடகைக் கார். விக்கிரமங்கலம் எல்லையில் கார் திரும்பியபோது மதியம் ஒன்றரை. பந்தலில் இருந்த யாரும் எழுந்து வரவில்லை. பங்காளி வீடுகளில் நேற்றுக் காலையிலிருந்து உலை வைக்கவில்லை. டீயும் பன்னும் தின்று சலித்த வயிறுகள் அத்தனையும் அவனைப் பார்த்தன.

“வந்துட்டாரு தொரை” என்றார் ஒருவர். “இனிமேவாச்சும் எடுப்பீங்களா?”

கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மா சின்னதாகக் கிடந்தாள். கண்ணாடியில் உள்பக்கம் நீர் கோத்திருந்தது. அவன் வெளிப்பக்கத்தைத் துண்டால் துடைத்தான், முகம் தெளியவில்லை. சாமிதுரைதான் எங்கிருந்தோ வந்து பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்தான். தம்பி பார்த்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றான், ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசியதெல்லாம் அக்கா மலர்கொடிதான். பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டவள். நேற்றிலிருந்து அழுது தொண்டை கட்டியிருந்தும், தம்பியைக் கண்டதும் அவளுக்குக் குரல் திரும்பிவிட்டது.

“கப்பலேறிப் போன மகன்
கண்ணுக்குள்ள நின்னானே,
கட்டையில போறன்னைக்கும்
காக்க வெச்சுக் கொன்னானே!”

மாரில் அடித்துக்கொண்டே பாடினாள். பாட்டை நிறுத்தி, “மருமவ எங்கடா? அவளுக்கு லீவு கெடைக்கலியாமா?” என்று சாதாரணக் குரலில் கேட்டுவிட்டு, மறுபடி பாட்டை எடுத்தாள்.

“ஆமாக்கா. பரீட்ச நேரம்” என்றான்.

பொய். மனைவி ஜெயராணிக்கு ஆறாவது மாதம். போன வருஷம் ஒன்று தங்காமல் போனதால், இந்தத் தடவை விமானம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். “ஏழு மாசம் முடியட்டும்டா. அதுவரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்காத. ஊரு கண்ணு ஒண்ணு போல இருக்காது” என்று அவளே போனில் சொல்லியிருந்தாள்.

ஓடைக்கரைச் சுடுகாட்டுக்கு ஒரு கிலோமீட்டர். பறைச் சத்தமும் வெடிச் சத்தமும் முன்னே போக, மக்காச்சோளக் காட்டை ஒட்டிய மண் பாதையில் நடந்தார்கள். முத்தமிழ்செல்வனோடு சேர்ந்து நடக்க ஆளில்லை. கூட வந்தவர்கள் ஒன்று முன்னால் போனார்கள், இல்லையென்றால் பின்தங்கினார்கள்.

இந்தத் தனிமை அவனுக்குப் புதிதில்லை. தீவுக்குப் போன முதல் வருஷமும் இப்படித்தான் இருந்தது. அந்தத் தீவைச் சுற்றிவர இருபத்தைந்து நிமிடம் போதும். மாலையானால் செக்குமாடு மாதிரி சுற்றினான். பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் எட்டு வருஷம் இங்கிலீஷ் இலக்கணம் நடத்தி, ‘கண்டிப்பான சார்’ என்று பேர் வாங்கினவன். அங்கே முதல் நாளே ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து அவன் உச்சரிப்பைத் திருத்தினாள். வகுப்பு சிரித்தது. இரண்டாம் வாரம் தலைமையாசிரியர் கூப்பிட்டு, வாத்தியார் பேசுவது பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று பெற்றோர் சொல்வதாகச் சொன்னார். குளியலறைக் கண்ணாடி முன் நின்று வாயைக் கோணிக் கோணிப் பழகினான். அரியலூர் நாக்கு அவ்வளவு லேசில் வளையுமா? வாரம் ஒரு தடவை வரும் படகில்தான் வெங்காயம் வரும். மூன்று வேளையும் சூரை மீன். பாதி நாள் படுக்கும்போது, விடிந்ததும் ராஜினாமா எழுதிவிடலாம் என்றே படுத்தான்.

இரண்டாம் வருஷம் கணக்கு டீச்சராக ஜெயராணி வந்தாள். “எந்த ஊரு?” என்றான். “திருச்சி” என்றாள். “நானும் திருச்சிதான். திருச்சில எங்க?” “அரியலூருங்க.” “அரியலூர்ல எங்க?” “ஏலாக்குறிச்சி.” அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விக்கிரமங்கலத்திலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம். “கடல் தாண்டிப் போயி கொள்ளிடக்கரைக்காரிய புடிச்சிருக்கான் பாரு” என்று அம்மா பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சாமிதுரை சிரிக்கவில்லை. ஜெயராணி சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண் என்பதைக்கூடப் பொறுத்திருப்பான். லீவில் வந்த தம்பி பெரம்பலூர் பதிவு அலுவலகத்தில் கல்யாணத்தை முடித்துக்கொண்டதும், அதை உரக்கடைக்காரர் போனில் போட்டோவாகத் தான் பார்க்க நேர்ந்ததும்தான் அவனுக்கு ஆறவில்லை. ஏற்கெனவே ஒரு குறை இருந்தது. கொரோனாவில் அப்பா செத்தபோது விமானங்கள் நின்றிருந்தன. முத்தமிழ்செல்வன் அப்பாவின் சிதையைப் போனில்தான் பார்த்தான், அதுவும் சிக்னல் விட்டுவிட்டு. பெரியவனுக்கு அந்த நியாயமெல்லாம் எடுபடவில்லை. “நாலு பேரு தூக்க ஆளில்லாம அப்பாவ நானும் ஆம்புலன்ஸ் டிரைவருமா எறக்குனோம்” என்பதையே சொல்லிக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அதையும் சொல்வதை நிறுத்திவிட்டான். இரண்டு வருஷமாகப் பேச்சே இல்லை.

இதற்கிடையில் தீவு அவனுக்குப் பழகிவிட்டது. ஜெயராணி பெயின்ட் வாளியில் கறிவேப்பிலை வளர்த்தாள். உச்சரிப்பைத் திருத்தின பெண் பரீட்சையில் தேறிவிட்டு, வீட்டிலிருந்து தேங்காய்ப் பணியாரம் கொண்டுவந்து கொடுத்தாள். கடைத்தெருவில் சார், சார் என்றார்கள். போன வருஷம் விக்கிரமங்கலத்துக்கு வந்திருந்தபோது, “அடுத்த வாரம் வீட்டுக்குப் போவணும்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். அம்மா அவனை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “போயிட்டு வா” என்றாள்.

அதனால்தான் அவன் நெஞ்சு இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. அப்பனுக்கு மூத்தவன், ஆத்தாளுக்கு இளையவன். கொள்ளி அவனுடையது. படகிலும் விமானத்திலும் அதையே நினைத்துக்கொண்டு வந்தான். இந்த மண்ணில் அவனுக்கென்று மிஞ்சியிருந்த பங்கு அது ஒன்றுதான். தூக்கத்தான் விடவில்லை, தொலையட்டும். கொள்ளியை எவன் பிடுங்க முடியும்?

சிதை அடுக்கியிருந்தது. ஓரமாக ஒரு கல்லைப் போட்டு, கிண்ணத்தில் தண்ணீரும் கத்தியுமாகச் செல்லப்பன் உட்கார்ந்திருந்தார். ஊருக்கு நாவிதர் அவர்தான்.

“தம்பி, இப்புடி வந்து ஒக்காருங்க” என்றார். அவன் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். தலையில் தண்ணீரைத் தொட்டு வைத்துவிட்டு, செல்லப்பன் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“வூட்ல யாரும் முழுகாம இல்லீங்களே? இருந்தா கத்தியும் வெக்கக் கூடாது, கொள்ளியும் தொடக் கூடாது. கேக்க வேண்டியது மொற, அதான்.”

தாய்மாமன் அண்ணாதுரை பக்கத்தில் நின்றார். சற்றுத் தள்ளிக் காலடியில் வறட்டி அடுக்கிக்கொண்டிருந்த சாமிதுரையின் கை ஒரு கணம் நின்றது.

முத்தமிழ்செல்வனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. வகுப்பில் மூடநம்பிக்கை பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுப்பவன். ஆனாலும், போன வருஷம் ஆஸ்பத்திரிப் படகில் தன் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த ஜெயராணியின் முகம் அந்த நேரத்தில் வந்து நின்றது. அவன் அதைத் தள்ளினான். ஆமாம் என்று சொன்னால் எழுந்துபோக வேண்டியதுதான். அப்பாவையும் விட்டாச்சு, அம்மாவையும் விட்டாச்சு என்று ஆகிவிடும்.

“இல்ல” என்றான். “யாரும் இல்ல.”

செல்லப்பன் கத்தியை எடுத்தார். அது தலையில் படுவதற்குள் சாமிதுரை வந்து தம்பியின் அக்குளில் கைவிட்டுத் தூக்கி அப்பால் தள்ளினான். தள்ளிய வேகத்தில் முத்தமிழ்செல்வன் நெருஞ்சிமுள்ளில் போய் விழுந்தான். சாமிதுரை அந்தக் கல்லில் உட்கார்ந்தான்.

“எனக்கு வையி.”

அண்ணாதுரைதான் முதலில் பதறினார். “டேய் சாமிதுரை! மொறன்னு ஒண்ணு இருக்குடா. அப்பனுக்கு நீ வெச்ச. ஆத்தாளுக்கு அவன்தான். அவனுக்காவத்தானடா ரெண்டு நாளு பொணத்தப் போட்டு வெச்சிருந்த?”

“செல்லப்பா, கத்திய வையின்னேன்.”

“அப்பாவுக்கும் நீ, அம்மாவுக்கும் நீ!” முத்தமிழ்செல்வன் எழுந்து வந்தான். உள்ளங்கையில் முள் குத்தி ரத்தம். “எனக்குன்னு என்னதான்டா வெச்சிருக்க? என்னைய வரச் சொல்லி, ஊரு முன்னாடி அசிங்கப்படுத்தணும்னுதான் காத்திருந்தியா?”

இரண்டு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர் இப்போது கட்சி மாறிவிட்டது. காலையிலிருந்து இளையவனைத் திட்டிக்கொண்டிருந்த வாய்களே பெரியவனைத் திட்டின. “மனுசனாடா நீ?” என்றது ஒரு குரல். “அண்ணங்காரன் பண்ற வேலையா இது?” என்றது இன்னொன்று. சாமிதுரை தலையைக் குனிந்து கொடுத்தான். செல்லப்பனின் கை நடுங்கியதில் மண்டையில் இரண்டு இடத்தில் கீறல் விழுந்தது. அவன் அசையவில்லை.

குடத்தைச் சுமந்து மூன்று சுற்று வந்தான், உடைத்தான், திரும்பிப் பார்க்காமல் கொள்ளி வைத்தான். முத்தமிழ்செல்வன் பிடித்திருந்தவர்களின் கைகளுக்குள் நின்று, அம்மாவின் காலடியில் புகை கிளம்புவதைப் பார்த்தான். அவனுக்கு அழுகை வரவில்லை. அண்ணனை வெட்டிப் போட வேண்டும்போல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பையை எடுத்தான். நாளைக்குப் பால் தெளிக்க இருக்கப் போவதில்லை, இனி இந்த வாசலை மிதிக்கப் போவதுமில்லை. உள்ளறையில் அவன் துணியைத் திணித்துக்கொண்டிருந்தபோது அண்ணி ராசாத்தி ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

“சாப்புட்டுப் போங்க தம்பி.”

“வேணாங்க அண்ணி. இந்த வூட்டு சோறே வேணாம்.”

அவள் தட்டைக் கீழே வைத்தாள். வாசலை ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“ஆறு மாசமாமே?”

சட்டையை மடித்துக்கொண்டிருந்த அவன் கை நின்றது.

“போன மாசமே அத்த சொல்லிட்டாங்க, ஒங்க அண்ணங்கிட்ட. நெஞ்சு வலின்னு அரியலூர் ஆஸ்பத்திரில படுத்திருந்தாங்கல்ல, அப்ப. ‘நான் போயிட்டா அவன் தூக்கவும் கூடாது, கொள்ளி தொடவும் கூடாது. ஏற்கெனவே ஒண்ணு போயிடுச்சு. அவன் கேக்க மாட்டான், நீதான் பாத்துக்கணும்’னு கைய புடிச்சிகிட்டு சொன்னாங்க. வெளியில சொல்லவும் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க.”

அவன் சட்டையைப் பையின்மேல் வைத்தான். “அப்ப… நேத்தே எடுத்திருக்கலாமே அண்ணி. நான் கொள்ளி வெக்க முடியாதுன்னு தெரிஞ்சும் எதுக்கு ரெண்டு நாளு வெச்சிருந்தாங்க?”

ராசாத்திக்கு அந்தக் கேள்வியே விளங்காதது போல் இருந்தது.

“எதுக்குன்னா? நீங்க மொகத்தப் பாக்க வேணாமா?”

போன் அடித்தது. ஜெயராணி. எடுத்தான்.

“எல்லாம் முடிஞ்சுதாங்க?”

“ம்.”

“கொள்ளி வெச்சீங்களா?”

“இல்ல. அண்ணன் வெச்சிது.”

தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். பந்தலில் நாற்காலிகளை அடுக்கி முடித்திருந்தார்கள். இரண்டுதான் மிச்சம். அதில் ஒன்றில் சாமிதுரை ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். மண்டைக் கீறலில் ரத்தம் காய்ந்திருந்தது. அண்ணாதுரை மாமா அவனோடு பேசாமலே செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மலர்கொடி தண்ணீர்க் குடத்தை அவன் காலடியில் ‘ணங்’கென்று வைத்துவிட்டு, “ஒனக்கு நல்ல சாவு வருமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

முத்தமிழ்செல்வன் போய் எதிரே நின்றான். தலைமுடி முழுசாக இருந்தது. அதில் செல்லப்பன் வைத்த தண்ணீர் எப்போதோ காய்ந்துவிட்டது. எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை.

சாமிதுரை அவனைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு.

“பொய் சொல்லத்தான் அங்க புள்ளைங்களுக்குச் சொல்லித் தரியா?”

சொல்லிவிட்டு, மிச்சமிருந்த நாற்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினான்.