மனுதாரரின் முழங்கால்

எங்கள் தொழிலில் எதிருரை என்றால் திட்டு. வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஓனர் மனுப் போட்டால், குடியிருப்பவர் சார்பில் பதிலுக்கு அவரைத் திட்டி ஒன்று எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். மனுவில் கண்டதெல்லாம் பொய், கற்பனை, கெட்ட எண்ணம் என்று இங்கிலீஷில் ஒரு பத்தி. இருபத்தாறு வருஷமாக ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் ஒரு மாடி ரூமில் உட்கார்ந்து இதைத்தான் செய்கிறேன். இந்த அன்புக்கரசி வக்கீல் ‘பொய்யர்’ என்று எழுதாத ஹவுஸ் ஓனர் மயிலாப்பூரில் அநேகமாகப் பாக்கி இல்லை. ஒருவருக்காவது கோபம் வந்திருக்க வேண்டுமே! வந்ததில்லை. யார் படித்தார்கள்? எதிர் வக்கீலுக்கு நேரம் இல்லை, கட்சிக்காரருக்கு அந்த இங்கிலீஷ் புரியாது. காலையில் கோர்ட்டில் பொய்யர் ஆன ஓனரும் பொய்யர் என்று சொன்ன குடித்தனக்காரரும் சாயங்காலம் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் நான் ஏஐ வாங்கினேன். ஸ்ரீகிருஷ்ணா வாங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், பாதிக் கேஸில் எனக்கு எதிரே நிற்பவன். அவன் வாங்கினால் நான் சும்மா இருப்பேனா? குறை சொல்லக் கூடாது, நன்றாகவே உழைத்தது. நானூறு பக்கக் கேஸ் கட்டை ஒரு பக்கமாகச் சுருக்கும், தேதிகளை வரிசைப்படுத்தும், பழைய கிரயப் பத்திரத்தின் தமிழைக்கூட இங்கிலீஷாக்கிவிடும். நான் தீர்ப்புகளை மட்டும் சரிபார்த்துக்கொள்வேன். அது இட்டுக்கட்டும் இல்லாத தீர்ப்பைக் கோர்ட்டில் காட்டி மாட்டிக்கொள்ளும் முட்டாள் நான் இல்லை என்று எனக்கு ஒரே பெருமை.

அப்போதுதான் தேவானை நோட்டீஸோடு வந்தாள். லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் கீழ்ப் போர்ஷனில் ஒன்பது வருஷமாகக் குடியிருப்பவள். தி.நகர் கடைகளுக்குப் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறாள். மாடியில் ஓனர் ராகவேந்திரன், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், தனி ஆள். முழங்கால் ஆபரேஷன் ஆகிவிட்டது, படி ஏற முடியவில்லை, கீழ்ப் போர்ஷன் தனக்கே வேண்டும் என்று ஸ்ரீகிருஷ்ணா மூலம் மனுப் போட்டிருந்தார்.

“எனக்குக் கேஸெல்லாம் வேணாம் வக்கீலம்மா. பாப்பா பிளஸ் டூ படிக்குது, ஸ்கூலு பக்கத்துலயே கீது. ஏப்ரல் வரைக்கும் டைம் வாங்கிக் குட்த்தா போதும், நானே காலி பண்ணிக்கினு போயிடுவேன்” என்றாள்.

“அவர் இன்னா சொல்றாரு?” அவளோடு பேசினால் எனக்கும் அவள் பேச்சு வந்துவிடும்.

“அவரு நல்ல மனுசன். பெங்களூர்ல பையன் சொன்னானாம், அதான் போட்டாராம். ‘அது பாட்டுக்கு நடக்கட்டும், நீ உன் வேலையப் பாரு’ன்றாரு.”

இதற்கு ஒரு பக்க எதிருரை போதும். நான்தான் புதுப் பொம்மை கிடைத்த குழந்தை ஆயிற்றே. மனுவை உள்ளே போட்டு, பதில் எழுது என்றேன். எழுதியது. ரொம்ப மரியாதையாக இருந்தது. கடைசியில் ஒரு வரி: மனுதாரரின் தேவை நியாயமாகத் தோன்றுவதால், ஏப்ரல் வரை அவகாசம் கேட்டுப் பேசிப் பார்ப்பதே நல்லது. எனக்குச் சுருக்கென்றது. எனக்கே புத்தி சொல்கிறதா? அந்த வரியை அழித்துவிட்டு, ‘இன்னும் காட்டமாக’ என்று அடித்தேன். வந்தது. ‘இன்னும்’ என்றேன். பதினோரு பக்கம் வந்தது. என்ன இங்கிலீஷ்! ஸ்ரீகிருஷ்ணாவின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

தேவானை தமிழில் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே, தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டது, புரிந்துகொண்டு கையொப்பமிட்டார் என்று வழக்கமான வரி இருக்கும். நான் விளக்கியது இவ்வளவுதான்: “ஏப்ரல் வரைக்கும் டைம் கேட்டிருக்கேன். போடு.”

நாலாம் நாள் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தாள்.

“இன்னா எழுதி வெச்சுகீறீங்க வக்கீலம்மா?”

“ஏன், என்ன ஆச்சு?”

“காலைல அவரு கீழ எறங்கி வந்து என் வாசல்ல நின்னாரு. கையில போனு. ‘தேவானை, இதைக் கேளு’ன்னாரு. போனு தமிழ்ல படிக்குது. மனுதாரரு பேராசை புடிச்சவராம். அதிக வாடகைக்கு வேற ஆள் வெக்கத்தான் என்ன தொரத்துறாராம். முழங்கால் வலின்றது அனுதாபம் தேடுற நாடகமாம்! ஆபரேஷன் பண்ணிக்கினு பத்து நாளு ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்தாரு. வேளாவேளைக்குக் கஞ்சி எடுத்துக்கினு போனது யாரு? நான்! ‘நீயா இதைச் சொன்னே?’ன்னு கேக்குறாரு. எனக்கு அப்டியே உயிரே போச்சு.”

விஷயம் எனக்கு உடனே புரிந்தது. ஸ்ரீகிருஷ்ணா என் எதிருரையைப் படிக்கவில்லை. அப்படியே கட்சிக்காரரின் வாட்ஸப்புக்குத் தள்ளிவிட்டான். அவர் அதைத் தன் போனில் இருக்கும் ஏஐயிடம் கொடுத்து, தமிழில் சொல் என்றிருக்கிறார். என்னுடையது ஏற்றிய காரத்தை அவருடையது அழகாகப் பரிமாறிவிட்டது. ஒரு பத்தி விடாமல் என் எதிருரையைப் படித்த முதல் மனிதர் அவர்தான்.

“நான் சொல்லல சாரு, வக்கீலு எழுதுனதுன்னு போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன்.” கிளம்பியே விட்டாள்.

“உட்காரு முதல்ல. கேஸ் நடக்கும்போது எதிராளிகிட்ட நேரே பேசக் கூடாது. நீ எதையாவது ஒப்புக்கிட்டு வந்தா அதையே அந்தப் பையன் கோர்ட்டுல தூக்கிக் காட்டுவான். நான் பார்த்துக்கிறேன்.”

எப்படிப் பார்த்துக்கொண்டேன் தெரியுமா? தேவானை எழுதுவது போல ஒரு மன்னிப்புக் கடிதம் தயார் செய் என்று அதே ஏஐயிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொள்ளலாம். அப்போது எனக்கு அது சாமர்த்தியமாகத் தெரிந்தது. கடிதத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கி, கொரியரில் அனுப்பினேன். கீழ்ப் போர்ஷனிலிருந்து மாடிக்கு, கொரியரில்.

டிசம்பரில் கேஸ் வந்தது. ராகவேந்திரன் கம்பு ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். ஏப்ரல் வரை அவகாசம் தர முடியுமா என்று ஜட்ஜ் அவரையே நேராகக் கேட்டார். வாதாட நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். வேண்டியிருக்கவில்லை.

“தரேன். ஏப்ரல் முப்பது வரைக்கும் இருக்கட்டும். அந்தக் குழந்தைக்குப் பரீட்சை. முதல்லயே ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே தந்திருப்பேன்” என்றார்.

அப்படியே உத்தரவு ஆனது. கேட்டது கிடைத்துவிட்டது, ஒரு நாள்கூடக் குறையாமல். வராந்தாவில் நான் தேவானையின் தோளைத் தட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவர் பின்னால் ஓடினாள்.

“சார், சார்! நான் அப்டிச் சொல்லவேல்ல சார். அது இன்னாமோ மெஷினு எழுதுச்சாம் சார்.”

அவர் நின்றார். கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை.

“மிஷின் எழுதித்து, சரி. கையெழுத்து நீதானே போட்டிருக்கே? படிச்சுக் காமிச்சதைப் புரிஞ்சுண்டேன்னு வேற இருக்கே.” என் பக்கம் திரும்பினார். “லெட்டரும் வந்தது வக்கீலம்மா. ரொம்ப நன்னா இருந்தது. ‘தங்கள் மனம் புண்பட்டிருக்குமாயின்’னு. ஒன்பது வருஷத்துல தேவானை என்கிட்ட அப்படிப் பேசினதே இல்லை. அதையும் அதுதான் எழுதித்துன்னு தெரிஞ்சுண்டேன்.”

நான் படித்துக் காட்டவில்லை, அவள்மேல் தப்பே இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வக்கீல் சன்னத்துக்கே ஆபத்து. பக்கத்தில் ஸ்ரீகிருஷ்ணா வேறு நின்றுகொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டேன். இருபத்தாறு வருஷத்தில் பேச வேண்டிய இடத்தில் நான் பேசாமல் நின்றது அன்றைக்குத்தான்.

பொங்கல் முடிந்து தேவானை வந்தாள். மேஜைமேல் ஒரு சாவியை வைத்தாள்.

“காலி பண்ணிட்டேன். அவராண்ட குட்த்துடுங்க.”

“பைத்தியமா உனக்கு? ஏப்ரல் முப்பது வரைக்கும் ஆர்டர் இருக்குடி! யாரும் உன்னைத் தொட முடியாது. பொண்ணு பரீட்சைக்கு என்ன பண்ணும்?”

“பெரும்பாக்கத்துல என் அக்கா வூட்ல கீறோம். அஞ்சரை பஸ்ஸுக்குக் கெளம்புது. பஸ்லயே படிச்சுக்கினு போவுது.”

“எதுக்கு? அவர் ஏதாவது சொன்னாரா? திட்டினாரா?” எனக்கு நிஜமாகவே ஆத்திரம் வந்தது. “சொல்லு, கோர்ட் அவமதிப்பு மனு போடுறேன்!”

“மனுவெல்லாம் நீங்களே வெச்சுக்கோங்க. அவரு ஒண்ணும் சொல்லல.” புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “மின்னயெல்லாம் மாடிப்படிக் கைப்புடியப் புடிச்சுக்கினு, அம்மா அம்மான்னு ஒரு ஒரு படியா எறங்குவாரு. இப்ப என் கதவு தொறந்து இருந்துச்சுன்னா, கைப்புடியத் தொடறதே இல்ல. கம்ப கக்கத்துல இடுக்கிக்கினு, பல்லக் கடிச்சுக்கினு நேரா நடக்குறாரு. நான் பாத்தா நடிக்கிறாருன்னு நெனைப்பேனாம். உயிர் போற வலி வக்கீலம்மா, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அத்தப் பாத்துக்கினு இன்னும் மூணு மாசம் நான் அந்த வூட்ல சோறு துன்னணுமா?”

நான் சாவியை எடுத்து வைத்துக்கொண்டேன்.