மாமனார் மெட்டு

அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் யோசெப்பினுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மட்டக்களப்பில் கோயில் ஓர்கன் வாசித்த மனுசன். மாதாவுக்கு அவர் மெட்டமைத்த பாட்டை, மொன்ரியலுக்கு வந்த பிறகும் திருநாளுக்குத் திருநாள் அவள்தான் முன்னின்று பாடுவாள். புருசன் வின்சன்ட் பின்வரிசையில் கிட்டார் அடிப்பான். மாமனார் பெருமையில் அவனுக்கும் ஒரு பங்கு இருந்தது.

அந்தப் பங்கில் மண் விழுந்தது 2004இல், ஒரு வியாழக்கிழமை. டோர்வலில் விமானச் சாப்பாடு கட்டும் இடத்தில் அவனுக்கு வேலை. அங்கே வானொலியில் மாமனாரின் மெட்டு வந்தது. மாதாவைத்தான் காணோம். நாலு அமெரிக்கப் பெடியன்கள் யாரோ ஒருத்தியிடம் முத்தம் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அறுபத்தாறில் ஊரையே ஆட்டிய பாட்டு என்றார் அறிவிப்பாளர். வின்சன்டின் கையிலிருந்த பணிஸ் ரொட்டி கீழே விழுந்தது.

ஊர்க் கோயிலில் அப்போது ஒரு அமெரிக்கச் சாமியார் இருந்ததும், அவரிடம் கிராமபோன் இருந்ததும் நினைவுக்கு வந்தது. மாமனார் வீட்டுக்கும் சாமியார் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பாவம் மாமனார், கேட்டதை மறந்து, தன் தலையில் ஊறியதென்று நம்பியிருப்பார். இதை யோசெப்பினிடம் யார் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை திருநாள், கியூபெக்காரரோடு கூட்டுப் பூசை வேறு. வருகிறவர்கள் எல்லாம் அந்தப் பாட்டுக்கு ஆடிய வயதுக்காரர்கள்.

அவளுக்குத் தொண்டை கட்டட்டும் என்று வின்சன்ட் மாதாவையே வேண்டினான். மாதா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் அடியிலேயே வெள்ளைக்காரக் கிழவிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு தோள்கள் ஆடின. ஒரு கிழவர் மனைவியின் இடுப்பில் கை போட்டார். முடிவில் கோயிலே கைதட்டியது. யோசெப்பினுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் ஓடிவந்து பிரெஞ்சில் பொழிந்தார். இளவயதில் இந்தப் பாட்டுக்கு ஒருத்தியோடு ஆடினாராம். அவள் வேறொருவனைக் கட்டிக்கொண்டாளாம். யோசெப்பினுக்குப் பிரெஞ்சு வராது. என்ன சொல்கிறார் என்று புருசனைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்து வின்சன்டுக்கு முழு உண்மையும் வரவில்லை, கோயிலுக்குள் நின்று முழுப் பொய்யும் வரவில்லை.

"சாமி சின்ன வயசிலயே இந்த மெட்டைக் கேட்டிருக்காராம். அமெரிக்காப் பெடியனுகள் பாடினதாம்."

யோசெப்பின் முக்காட்டைச் சரிசெய்தாள்.

"இப்பதான் விளங்குது," என்றாள். "நம்மட அமெரிக்கச் சாமி, அப்பா வாசிக்கிறதச் சுவருக்கு அங்கால இருந்து கேட்டிருக்கார். தன்ட ஊருக்குக் கொண்டுபோய்க் குடுத்திட்டார்."

வின்சன்ட் கிட்டாரை உறையில் போடக் குனிந்தான்.

"சரி விடுங்க. பூசையில நன்மை அப்பம் எடுத்த வாயால என்னத்தச் சொல்ற. அந்தப் பெடியனுகள மன்னிச்சு விடுவம்."