பிடி தேவைப்படாத எடை

காப்புரிமை விண்ணப்பத்தின் பதினொன்றாம் பத்தியை எட்டியதும் நிறுத்தினேன். அந்தப் பத்தியை மறுபடியும் படித்தேன்.

'உள்ளங்கையின் குழிவோடு பொருந்தும்படி வளைந்த உடல். புறங்கையின் மேலாகச் செல்லும் பட்டை. பயனர் விரல்களால் இறுகப் பிடிக்க வேண்டியதில்லை.' உடற்பயிற்சி செய்பவர்களுக்கான புதுவகைக் கை எடை. கண்டுபிடித்தவர், ஹீத் கோரிகன்.

அந்த எடை என் வீட்டில் இருந்தது. ஹீத் இதில் தன் பெயரை எழுதுவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே இருந்தது.

இருபத்திரண்டு வருடமாகக் கான்பெராவில் காப்புரிமைப் பரிசோதகனாக இருக்கிறேன். ஒருவர் தன்னுடையது என்று கேட்கும் பொருள், அவர் விண்ணப்பித்த நாளுக்கு முன்பே உலகில் எங்காவது வெளியே தெரிந்திருந்ததா என்று தேடுவதுதான் வேலை. கிடைத்தால் மறுத்து எழுதுவேன். கிடைக்காவிட்டால் ஏற்றுக்கொள்வேன். நாய்ச்சங்கிலி, குப்பைத்தொட்டி மூடி, மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் பற்றி ஒரே குரலில் எழுதிப் பழகியவன். அந்தக் குரலில் யாருக்கும் முகம் இருக்காது. எல்லோரும் பயனர்.

மூன்று குளிர்காலங்களுக்கு முன் என் மனைவி கார்மெலுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை மூடிக்கொண்டது. மறுவாழ்வு வார்டில் மெரின் டக்வெல் என்ற தெரபிஸ்ட் இருந்தார். கடலில் இறங்குபவர்கள் போடும் ரப்பர் உடைகளில் கிழிந்தவற்றை வாங்கி வந்து, வெட்டி வளைத்துத் தைத்து, உள்ளே தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகளைப் போட்டு, ஒவ்வொரு நோயாளியின் கைக்கும் ஏற்றபடி எடை செய்து கொடுப்பார்.

"விரலுங்க வேலைநிறுத்தம் பண்ணுது, கார்மெல். பண்ணட்டும். நாம தோள்கிட்ட பேசிக்கலாம்," என்பார்.

அடுத்த கட்டிலில் இருந்த அம்மையாரின் அக்கா மகன்தான் ஹீத். காகிதப் பொட்டலத்தில் உருளைக்கிழங்கு வறுவலோடு வருவான். அத்தனையையும் அவனே தின்பான். ஒருநாள் வினிகர் வாடை அடிக்கும் விரல்களோடு கார்மெலின் எடையைத் தூக்கிப் பார்த்தான்.

"இது செம ஐடியாவா இருக்கே. உள்ள என்ன போட்டிருக்கீங்க?"

மெரின் சொன்னார். கேட்டதற்கெல்லாம் சொன்னார். அவன் அதைத் தாளில் வைத்துச் சுற்றிலும் கோடு வரைந்தான். தாள் நழுவியபோது ஓரத்தைப் பிடித்துக்கொண்டது நான்தான்.

இதையெல்லாம் என் மேலாளர் டார்கோவிடம் சொன்னேன். அவன் தேநீர்ப் பையைக் கோப்பையில் முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியும், சரி. எந்தப் புத்தகத்துல, எந்தப் பக்கத்துல இருக்கு?"

"பக்கம் எதுவும் இல்ல. கண்ணால பார்த்தேன்."

"அப்ப நீ சாட்சி, நெவில். சாட்சியே தீர்ப்பும் எழுத முடியாது. ஃபைலக் குடுத்துடு."

"யாருக்குப் போகும்?"

"புதுசா சேர்ந்திருக்கானே, ரோபாட் படிச்சுட்டு வந்த பையன். அவனுக்கு."

"அவன் டம்பெல் பிரிவுலதான் தேடுவான். ஒண்ணும் கிடைக்காது. ஏத்துக்குவான்."

"கிடைக்கிற மாதிரி யாராவது எழுதி அனுப்பட்டும். வெளியாள் யார் வேணாலும் அனுப்பலாம், உனக்குத் தெரியாததா? உன் கை மட்டும் அதுல படக்கூடாது." தேநீர்ப் பையைப் பிழிந்து குப்பையில் போட்டான். "ஒழுங்கா நடந்துக்கிட்டா திருடன் ஜெயிப்பான்னு பார்க்கிறே. பல நேரம் அப்படித்தான். என்ன பண்றது, நெவில்?"

ஃபைலைக் கொடுத்தேன். அன்று மதியமே மெரினை அழைத்தேன்.

"ஆஸ்பத்திரில மேல இருக்கிறவங்களுக்கு ஏற்கெனவே லெட்டர் வந்துடுச்சு," என்றார். "அவனோட வக்கீல் எழுதியிருக்கார். இது முடியற வரைக்கும் ஒண்ணுகூடத் தைக்கக் கூடாதுன்னுட்டாங்க. நான் எதுலயும் கையெழுத்துப் போடவும் கூடாதாம். எட்டுப் பேர் காத்திருக்காங்க, நெவில். ஒருத்தருக்குப் பாதி தைச்சு வெச்சிருக்கேன்."

"ஹீத் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?"

"கிறிஸ்துமஸுக்கு சாக்லேட் அனுப்பினான்," என்றார். "நல்ல சாக்லேட்தான். வார்டே தின்னுச்சு."

மிச்சம் இருந்தது கார்மெல் ஒருத்திதான். ஹீத் விண்ணப்பித்த தேதிக்கு முன்பே அந்த எடை தன் கையில் இருந்தது என்று அவள் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். எடை எப்படிப் பொருந்துகிறது என்று காட்டப் படமும் வேண்டும். எடையின் படம் போதாது. எடை மாட்டிய கையின் படம்.

கார்மெல் அந்தக் கையை யாருக்கும் காட்டுவதில்லை. கோடையிலும் நீளக் கை வைத்த உடை. ஞாயிறு தேவாலயத்தில் சுவர் ஓரமாக உட்கார்வாள். பேரப்பிள்ளைகள் படம் எடுக்கும்போது இடப்பக்கம் யாரையாவது நிற்க வைத்துக்கொள்வாள். இவை பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. எங்கள் வீட்டில் பல விஷயங்கள் பேசாமலேயே நடக்கும். அது நல்லது என்று நினைத்திருந்தேன்.

"படத்தை யார் யார் பார்ப்பாங்க?" என்று கேட்டாள்.

"ஃபைல் பொதுவுல இருக்கும். யார் வேணாலும் திறந்து பார்க்கலாம்."

"எத்தனை நாளைக்கு?"

"எடுக்க மாட்டாங்க."

வெளியே வேலிமேல் ஒரு மேக்பை பறவை வந்து உட்கார்ந்தது. அவள் இடது கை உடையின் நுனியை விரல்களுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அந்தப் பக்கத்துக்காரங்க என்ன பதில் எழுதுவாங்க?"

"தெரியல," என்றேன்.

தெரியும். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பதில்களைத்தான் படித்து வருகிறேன். எதிராக ஒரு சான்று வந்தால் வக்கீல் செய்வது ஒன்றுதான்: அது வேறு, எங்களுடையது வேறு என்பார். எது வேறு என்பதற்கு இங்கே அவர் கையில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. விண்ணப்பத்தைப் படித்த அன்றே அந்த வாக்கியம் எனக்கு ஏறக்குறைய முழுதாகத் தெரிந்திருந்தது.

"சரி, எடு," என்றாள். "முதல்ல நகத்த வெட்டி விடு. ஊரே பார்க்கப் போவுதுன்னா கொஞ்சம் மரியாதையாவாவது இருக்கட்டும்."

மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி நகம் வெட்டினேன். வெள்ளைத் துண்டை விரித்து நான்கு படங்கள் எடுத்தேன். இங்கே இத்தகைய பத்திரங்களுக்குச் சாட்சி நிற்க மருந்துக்கடைக்காரருக்கும் அதிகாரம் உண்டு; அவர் முன்னால் அவள் வலக்கையால் கையெழுத்திட்டாள். வீடு திரும்பி, பரிசோதகருக்கு எளிதாக இருக்கட்டும் என்று விளக்கத்தாள் ஒன்றைச் சேர்த்து, எல்லாவற்றையும் அவள் பெயரில் அனுப்பினேன்.

பதில் வர நான்கு மாதம் ஆயிற்று. மெல்பர்னிலிருந்து ஃபேர்லி என்ற வக்கீல் எழுதியிருந்தார். 'சான்று நோயுற்ற உறுப்பைப் பற்றியது. 14, 16 எனக் குறிக்கப்பட்ட பகுதிகள் செயலற்று, நிரந்தரமாக உருக்குலைந்தவை. இயல்பான கைக்கு எடை வடிவமைக்கும் எவரும் இத்தகைய உறுப்பிலிருந்து எதையும் கற்க முற்பட மாட்டார்.' கூடவே, விரல்களை மடக்கவும் நீட்டவும் வல்ல பயனருக்கு மட்டும் என்று தன் கோரிக்கையைக் குறுக்கிக்கொண்டிருந்தார். புதிய பரிசோதகன் ஒப்புக்கொண்டான். ஹீத்துக்குக் காப்புரிமை கிடைத்துவிட்டது.

"ஒரு வகையில நீங்க ஜெயிச்சுட்டீங்க," என்றான் டார்கோ. "மூடின கைக்கு அவன் உரிமை கொண்டாட முடியாது. உங்க வார்டு தாராளமாத் தைக்கலாம்."

"அந்த லெட்டரப் படிச்சியா?"

"படிச்சேன்." அவன் என்னைப் பார்க்கவில்லை. "சட்டப்படி நல்ல லெட்டர்."

அந்தக் கடிதத்தைக் கார்மெலிடம் காட்டவில்லை. ஜெயித்துவிட்டோம், மெரின் திங்கட்கிழமை முதல் தைக்கலாம் என்று மட்டும் சொன்னேன். அவள் சிரித்தாள். இரண்டு நாள் ரொம்ப உற்சாகமாக இருந்தாள்.

மூன்றாம் நாள் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது சாப்பாட்டு மேசையில் ஐபேடோடு உட்கார்ந்திருந்தாள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று நான்தானே சொல்லியிருந்தேன்.

"பதினாலுன்னா எது?" என்றாள்.

புரியாதவன்போல நின்றேன்.

"என் கைல பதினாலு எதுன்னு கேட்டேன், நெவில்."

"ஆள்காட்டி விரல்."

"பதினாறு?"

"கட்டைவிரல்."

"எடை பத்து, பட்டை பன்னிரண்டு. அப்புறம் நானு." திரையை என் பக்கம் திருப்பினாள். வெள்ளைத் துண்டின்மேல் அவள் கை. ஒவ்வொரு விரலிலிருந்தும் நேராக ஒரு கோடு, கோட்டின் முனையில் ஓர் எண். "அந்த வக்கீல் போட்டதுன்னு நெனச்சேன். மனுஷன் கையில யாராவது இப்படி நம்பர் போடுவானான்னு அவன வாய்க்கு வந்தபடி திட்டினேன். கீழ பார்த்தா விளக்கத்தாள்னு போட்டு, அனுப்பினவர்னு என் பேரு இருக்கு."

பழக்கத்தில் செய்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மைதான். படம் என்று ஒன்று என் முன் வந்தால் கோடு இழுத்து எண் போடுவேன். நகம் வெட்டிவிட்ட அதே மாலையில், அதே மேசையில் உட்கார்ந்து, வெட்டிய விரல்களுக்கு எண் போட்டிருக்கிறேன். எண் 18 எங்கே வைத்தால் தெளிவாக இருக்கும் என்றுகூட யோசித்தேன். ஹீத்தையும் அந்த வக்கீலையும் நினைத்து எனக்குள் மாதக்கணக்காக ஊறிக்கிடந்த அருவருப்பு முழுக்க இப்போது அந்தக் கோடுகளின்மேல் வந்து நின்றது. அவை நேர்த்தியான கோடுகள். ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளாதவை.

"இப்படித்தான் எழுதுவாங்கன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"நான் கேட்டப்ப தெரியலன்னே."

"சொன்னா குடுக்க மாட்டேன்னு நெனச்சேன்."

"குடுத்திருப்பேன்." குரல் உயரவில்லை. "எட்டுப் பேர் காத்திருக்காங்கன்னு சொன்னியே, அதுக்காகவே குடுத்திருப்பேன். அவன் எழுதறத எழுதிக்கட்டும், அவன் யாரோ. ஆனா தெரிஞ்சு குடுத்தேன்னு இருந்திருக்கும்."

வெகுநேரம் இருவரும் அப்படியே இருந்தோம். இத்தனை வருடமாக எங்கள் மௌனத்தில் நான் உட்கார்ந்து இளைப்பாறியிருக்கிறேன். அன்று அதில் எனக்கு இடமில்லை.

ஆட்டிறைச்சித் துண்டுகளை வாட்டித் தட்டில் வைத்தேன். அவளுடையதை வெட்டித் தருவது என் வழக்கம். கத்தியை எடுத்தபோது தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எலும்பை வலக்கையால் தூக்கிக் கடித்தாள். எண்ணெய் முகவாயில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கு மெரினப் பார்க்கப் போறேன்," என்றாள் மென்றுகொண்டே. "ரப்பர் வெட்டிக் குடுக்க ஆள் இல்லையாம். ஒரு கையால வெட்ட முடியுமான்னு பார்க்கலாம்."

"நான் கொண்டு விடறேன்."

"வேணாம். டாக்ஸி சொல்லியாச்சு."