அடுத்த வருஷத்துக்கு விட்ட துணி

எங்கள் வீட்டில் இப்போது சட்டை போடாத பொருளே கிடையாது. டிவி ரிமோட்டுக்கு ஒரு உறை, தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு ஒரு உறை. நாற்காலிக் கால்களுக்குக்கூடக் குட்டிக் குட்டிக் குல்லாய். எல்லாம் வெட்டுத் துணிகளை ஒட்டி ஒட்டி என் வீட்டுக்காரர் தைத்தது. தையல்காரி நான், வீட்டில் தைப்பது அவர். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை. அழுகையும் வருவதில்லை. பசி மட்டும் வேளாவேளைக்கு வந்துவிடுகிறது, வெட்கம் கெட்ட வயிறு.

எங்களுக்கு ஒரே பெண். பெயர் என்னவோ அழகாகத்தான் வைத்தோம், ஆனால் செய்கிற சேட்டைக்கு வாலு என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. போன வருஷம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மாற்றுத்துணிப் பையை மட்டும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வந்து வந்து துக்கம் கேட்டவர்களுக்கும் இவ்வளவுதான் சொன்னேன்.

அதற்கப்புறம் ஒரு நாள் காலையில் அவர் அலமாரியைத் திறந்து வாலுவின் துணிமணி அத்தனையையும் மூட்டை கட்ட ஆரம்பித்தார். யாருக்காவது உபயோகப்படட்டும் என்றார். நான் சரி என்றேன். அப்போது எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கயிறு தேடப் போன நேரத்தில் ஒரே ஒரு பாவாடையை, கருநீல யூனிஃபார்ம் பாவாடையை, உருவி எடுத்து என் வெட்டுத் துணி மூட்டைக்கு அடியில் திணித்தேன். வெட்டுத் துணி மூட்டையில் கைவிடுகிற ஆம்பளை எந்த வீட்டில் இருக்கிறான் என்ற தைரியம்தான்.

அந்தப் பாவாடை ஏன் என்று சொல்லிவிடுகிறேன். வளருகிற பிள்ளைக்குத் துணி தைக்கும்போது யாரும் நீளத்தை வெட்டிப் போட மாட்டோம். கீழே நாலு விரல் துணியை உள்ளே மடித்துத் தைத்துவிடுவோம். பிள்ளை வளர வளரத் தையலைப் பிரித்து இறக்கிவிட வேண்டியதுதான். உள்ளே இருந்த துணி வெயில் படாமல் வெளுக்காமல் புதுசாகவே இருக்கும். வாலுவின் பாவாடைக்கு மடிப்புத் தைத்த அன்று நீல நூல் தீர்ந்துபோய்விட்டது. உள்ளேதானே, எவன் பார்க்கப் போகிறான் என்று பச்சை நூலில் தைத்துவிட்டேன். முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். "ஊருக்கெல்லாம் கலர் பாத்துத் தைக்கிற, எனக்கு மட்டும் பச்சையா?" என்று ஒரே சண்டை.

வருஷம் ஓடி, பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. "டீச்சர் திட்டுறாங்கம்மா, இறக்கிவிடு" என்றாள். பழைய தையலைப் பிரித்து, இஸ்திரி போட்டு, அந்த வருஷத்துக்கு ரெண்டு விரல், அடுத்த வருஷத்துக்கு ரெண்டு விரல் என்று பிரித்து நடுவில் சாக்பீஸால் கோடு போட்டேன். அந்தக் கோட்டில் மடித்துத் தைக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. கோடு போட்டது போட்டபடி அந்தப் பாவாடை அப்படியே இருக்க வேண்டும், என் ஆயுசுக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது. எனக்கென்று மிச்சம் இருந்த ஒரே எண்ணம் இதுதான்.

இவர் லிஃப்ட் மெக்கானிக். வாலு போனபிறகு ஒழுங்காகத்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் உச்சி மாடியிலிருந்து ஸ்பேனர் பையைக் கைதவறிக் கீழே விட்டுவிட்டார். நல்ல வேளையாக யார் தலையிலும் விழவில்லை. கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டு வாங்க என்று கம்பெனியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வந்தவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் தையல் கடைக்குப் போவேன், வருவேன், அவர் அதே இடத்தில் இருப்பார். பிறகு ஒரு நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் என் பழைய மெஷினில் உட்கார்ந்திருக்கிறார். கையில் ரிமோட்.

"இதுக்கு ஒரு உறை தச்சேன்" என்றார்.

ரிமோட்டை உள்ளே திணித்துப் பார்த்தார். துணி இறுகிய இறுக்கத்தில் பட்டன் எல்லாம் அமுங்கி, டிவி தானாகச் சேனல் மாறி மாறி ஓடியது.

"கரெக்ட்டா அளந்துதான் வெட்டினேன்" என்றார். ஸ்டீல் டேப்பை வேறு எடுத்துக் காட்டினார்.

"அளந்தா மட்டும் போதுமா? தையலுக்குன்னு சுத்தி ஒரு விரக்கடைத் துணி கூடுதலா விடணும். இது என்ன தகரமா, அளவெடுத்து முடுக்குறதுக்கு?"

எரிச்சலாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். எரிச்சல்கூட அப்போதெல்லாம் வாயில் இருந்ததே தவிர உள்ளே இல்லை. மறுநாளும் வெட்டினார், மறுநாளும் சின்னதாகப் போயிற்று. தலையணை உறை என்று ஒன்று தைத்தார், அதற்குள் என் செருப்புதான் நுழையும். கேள்வி வேறு கேட்டுக் குடைந்தார். தொல்லை தாங்காமல் ஒரு ஏற்பாடு செய்தேன். காலையில் கடைக்குக் கிளம்புமுன் மூட்டையின் மேலாக இருக்கிற நாலைந்து துண்டுகளை எடுத்து, சாக்பீஸால் கோடு போட்டு மெஷின் மேல் வைத்துவிடுவேன்.

"சாக்பீஸ் கோடு எங்க இருக்கோ அங்க வெட்டுங்க. அதோட சரி. என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க."

கேட்கவில்லை. கோட்டில் வெட்டினார், ஒட்டினார், தைத்தார். அன்றையிலிருந்து வீடு முழுக்கச் சட்டை போட ஆரம்பித்தது. பாவாடையை மூட்டையிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்திருக்கலாமே என்பீர்கள். வைத்திருக்கலாம்தான். கை அதுவரைக்கும் போகும், அடியில் அதன் பிளீட் தட்டுப்படும், வெளியே எடுக்க வராது. மேலே இன்னும் கொஞ்சம் துண்டுத் துணியைப் போட்டு அமுக்கிவிட்டு எழுந்துவிடுவேன்.

இந்த வருஷமும் பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வந்தது. கடையில் தலைக்கு மேல் வேலை. எங்கே திரும்பினாலும் யூனிஃபார்ம். அம்மாக்கள் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்து, இறக்கிவிடுங்க, இறக்கிவிடுங்க என்கிறார்கள். பிரித்தேன், கோடு போட்டேன், மடித்துத் தைத்தேன். கை பாட்டுக்கு வேலை பார்த்தது. பக்கத்து மெஷினில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற அக்கா, அவளுக்குப் பெயரே காஜாக்காதான், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ இதெல்லாம் தைக்க வேணாம்டி, என்கிட்ட குடு" என்றாள்.

"ஏன், நான் தச்சா இறங்காதா?"

"ஒரு தடவ வாய்விட்டு அழுதுடு. நெஞ்சுலயே வச்சுக்கிட்டு இருந்தா உடம்புக்கு ஆகாது, சொல்லிட்டேன்."

"வந்தா உங்களத்தான் முதல்ல கூப்பிடுவேன்க்கா. இப்ப அந்த நீல நூல எடுங்க."

காஜாக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அவளைப் பார்த்துப் பாவமாகக்கூட இல்லை, நூல் வர நேரமாகிறதே என்றிருந்தது. மனுஷிதானா நான் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அதுவும் ஏதோ அடுத்த வீட்டுக்காரியை விசாரிக்கிற மாதிரிதான் இருந்தது.

அந்த வேலைக் கெடுபிடியில் ஒரு நாள் காலையில் துண்டுகளுக்குக் கோடு போட்டு வைக்க மறந்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் கொஞ்சம் களை. சூடான பாத்திரம் பிடிக்கிறதுக்கு இரண்டு பிடித்துணி தைத்து வைத்திருந்தார்.

"இந்தத் தடவ பாரு. தையலுக்கு விட்டுட்டேன். சொன்ன அளவு கரெக்ட்டா வந்துடுச்சு. சூடு தாங்கணும்னு ஓரத்துக்கு நல்ல கெட்டித் துணியாப் போட்டேன்."

வாங்கிப் பார்த்தேன். நடுவில் பூப் போட்டதும் கோடு போட்டதுமாக என்னென்னவோ துண்டுகள். சுற்றிலும் கருநீலம். வெளுக்காத, புத்தம் புதுக் கருநீலம். ஓரத்தை விரலால் தடவினால், பழைய தையல் பிரித்த ஓட்டைகள் வரிசையாக ஓடின. ஒரு ஓட்டையில் இத்தனூண்டு பச்சை நூல் மாட்டிக்கொண்டிருந்தது.

"இது எங்க இருந்துச்சு?"

"மூட்டையிலதான். இன்னைக்கு நீ ஒண்ணும் எடுத்து வைக்கல. சரி, நாமளே பாப்போம்னு கொட்டிப் பாத்தேன். அடியில இருந்துச்சு. நீதான் ஏற்கெனவே கோடு போட்டு வச்சிருந்தியே."

"அந்தக் கோட்டுல வெட்டிட்டீங்களா?"

"பின்ன? நீதானே சொன்ன, கோடு இருந்தா வெட்டுன்னு."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார், "யாரோ கஸ்டமர் வேணாம்னு விட்டுட்டுப் போனதுன்னு நெனச்சேன். கேட்டு வந்துட்டாங்களா? ஊர்ல பாதிப் பிள்ளைங்க இந்த யூனிஃபார்ம்தானே போடுது. நம்மளுத எல்லாம் நானேதானே மூட்டை கட்டிக் குடுத்தேன்."

"வாலுவோடது" என்றேன்.

இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லி ஒரு வருஷம் இருக்கும். என் வாயிலிருந்து அது வந்தது எனக்கே விசித்திரமாகக் கேட்டது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். வழிந்து அடுப்பே அணைந்த பிறகுதான் அவர் போய்க் கேஸை மூடினார்.

மிச்சத்தைக் கேட்டேன். மெஷின் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து வந்தார். "பிளீட்டு பிளீட்டா இருந்துச்சு. பிரிக்கத் தெரியல. உன்னக் கேட்டுட்டுச் செய்யலாம்னு வச்சிருந்தேன்" என்றார். தரையில் விரித்தேன். கோட்டின் மேலேயே, ஒரு இழை கோணாமல் வெட்டியிருந்தார். வேறு துணியாக இருந்தால் சபாஷ் என்றிருப்பேன்.

"என்ன வெட்டியிருக்கீங்கன்னு தெரியுதா?" என்றேன். "கோட்டுக்கு மேல இருக்குறது போன வருஷத்துக்கு இறக்க வேண்டியது. அது அப்படியே இருக்கு. கீழ நீங்க வெட்டி எடுத்தீங்களே, அது இந்த வருஷத்துக்கு. இந்த வருஷத்துக்குன்னு விட்டு வச்சிருந்தேன்ங்க. அதப் போய் அடுப்படியில பாத்திரம் பிடிக்க..."

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். கண் எங்கே வைத்திருந்தீர்கள், பெற்ற பிள்ளையின் துணி தெரியாதா, ஒரு பொருளையாவது இந்த வீட்டில் சும்மா விட்டீர்களா என்று என்னென்னவோ கத்தினேன். நாற்காலிக் காலிலிருந்த குல்லாயைப் பிடுங்கி எறிந்தேன். கத்தும்போதுதான் எனக்குக் கோபம் என்பதே தெரிந்தது. அது அவர் மேல் இல்லை என்பதும் தெரிந்தது, ஆனால் எதிரே அவர்தானே இருக்கிறார்.

அவர் உட்கார்ந்து, பிளேடை எடுத்து, பிடித்துணியைப் பிரிக்க ஆரம்பித்தார். லேசில் வரவில்லை. "தையல் விட்டுடக் கூடாதுன்னு மெஷின்ல ரெண்டு ஓட்டு ஓட்டிட்டேன்" என்றார். பிளேடை அழுத்தி இழுத்தார். துணியைக் கிழித்துவிடப் போகிறாரே என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து மற்றதை எடுத்துக்கொண்டேன். அவர் ஒன்று, நான் ஒன்று. பிரித்த கருநீல நாடாக்களைப் பாவாடையின் கீழே வரிசையாக வைத்தார்.

"திரும்ப ஒட்டிடலாமா?"

"ஒட்டுனா தையலுக்குள்ள ரெண்டு பக்கமும் துணி போயிடும். பழைய நீளம் வராது."

தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் அந்த நாடாவையே நீவிக்கொண்டிருந்தார்.

"இந்நேரம் இறக்கி விட்டிருப்பியா?"

"விடாம? உங்க வீட்டு ஆளுங்க மாதிரி நெட்டையாத்தானே போயிட்டிருந்தா. இந்த ரெண்டு விரலும் பத்தியிருக்காது."

அவர் எழுந்து நின்றார். உள்ளங்கையைக் கவிழ்த்து, தன் நெஞ்சுக்கு நேராக, காற்றில் வைத்தார். அங்கே ஒரு தலை இருக்கிற மாதிரி.

"இவ்ளோ இருப்பாளா?"

தையல்காரிக்குக் கண்தான் டேப். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"அது போன வருஷம்" என்றேன்.

எழுந்து போய், அவர் மணிக்கட்டைப் பிடித்து, கையை மெல்ல மேலே தள்ளினேன். சட்டையின் இரண்டாவது பொத்தான் வரைக்கும். அதற்கும் கொஞ்சம் மேலே.

"இங்க."

அழுகை வரவில்லை. அடுப்பில் பால் காய்ந்து பிடித்துப்போகுமே என்று துடைக்கப் போனேன். பிடித்துணி இல்லாமல் பாத்திரத்தை வெறும் கையால் இறக்கினேன், சூடு இன்னும் முழுசாக ஆறியிருக்கவில்லை. துடைத்து முடித்துத் திரும்பிப் பார்த்தால், அவர் அதே இடத்தில், காற்றில் வைத்த கையோடு நின்றிருந்தார்.

"கை வலிக்கும். கீழ போடுங்க" என்றேன்.

போடவில்லை. நானும் இன்னொரு தடவை சொல்லவில்லை.