நாப்லா சூட்டிய பெயர்

உரத்துக்கான கடற்பாசிக் கூடையோடு தன் தோட்டத்துக்குள் போவதற்காகக் கல்சுவரில் ஓர் ஆள் அகலத்துக்குக் கற்களை இறக்கிய நாப்லா, திரும்பும்போது அவற்றை அடுக்க மறந்துவிட்டாள். அயர்லாந்தின் மேற்குக் கரையில், எங்கள் கானமாராவில் வயலுக்குக் கதவு கிடையாது. இறக்கிய கல்லை ஏற்றினால்தான் கதவைச் சாத்தியதாக அர்த்தம். அன்று மாலையே பக்கத்து வீட்டு விதவை ஊனாவின் பசு உள்ளே புகுந்து முட்டைக்கோஸ் அத்தனையையும் மேய்ந்துவிட்டது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நாப்லா நேராகக் கடைக்குப் போய், மாடு சுவரேறிக் குதித்தது என்று சொல்லி, அதற்கு 'வ்ரதஹ்' என்று பட்டமும் கட்டிவிட்டாள். ஐரிஷில் 'பிரத்' என்பது திருட்டுக்கான பழைய சொல். அதில் பிறந்தது 'பிரதஹ்'. கண்ட வயலிலும் புகுந்து மேய்கிற திருட்டுக் குணத்தைச் சொல்வது. பெயருக்குப் பின்னால்தான் வந்து ஒட்டும். பெண்பாலானால் முதல் ஒலி இளகி 'வ்ரதஹ்' ஆகிவிடும். ஒலிதான் இளகுமே தவிர ஊர் இளகாது. அந்தப் பெயரெடுத்த மாட்டைச் சந்தையில் ஒருவரும் தொடமாட்டார்கள். ஊனாவுக்கோ அந்த ஒரு மாட்டை விற்றுத்தான் குளிர்காலத்தைத் தள்ளியாக வேண்டும்.

ஊனா சண்டைக்கு வரவில்லை. பசுவின் கொம்பில் பலகை கட்டிக் கண்ணை மறைத்தாள். தின்ற கோஸுக்கு ஈடாகத் தினமும் காலையில் ஒரு கேன் பால் கொண்டுவந்து வைத்தாள். தட்டுத்தடுமாறி நடக்கும் பசுவைப் பார்க்கும்போதெல்லாம் நாப்லா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பாலை டீயில் ஊற்ற மனம் வரவில்லை. சந்தை நெருங்கியதும் பொறுக்க முடியாமல் ஊனா வீட்டுக்குப் போய் உண்மையைக் கொட்டிவிட்டாள்.

"தெரியும்டி," என்றாள் ஊனா. "கல்லு கீழ கெடந்தத அன்னிக்கே பாத்தேன். நீயா சொல்லுவேன்னுதான் தெனமும் பாலத் தூக்கிட்டு வந்தேன்."

நாப்லா கூனிக் குறுகிப்போனாள். பலகையை அவிழ்க்கப் போனவளின் கையை ஊனா பிடித்துக்கொண்டாள்.

"இத நானே கழட்டிக்குவேன். பேர யாரு கழட்டுறது? கடையில சொன்னேல்ல, கோயில் வாசல்லயும் வந்து சொல்லு."

ஞாயிறு பூசை முடிந்து ஊரே மதிலில் சாய்ந்து நின்றபோது நாப்லா சொன்னாள். யாரும் திட்டவில்லை. சுங்கான் புகைத்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் தலையை ஆட்டினார்.

"அப்ப அந்தப் பேரு மாட்டுக்கு வேணாம்," என்றார்.

பசு நல்ல விலைக்குப் போனது. பெயர் ஊரிலேயே தங்கிவிட்டது. இன்றைக்கும் "நாப்லா வ்ரதஹ்" என்று யாராவது கூப்பிட்டால், அவள் மறுக்காமல் திரும்பிப் பார்க்கிறாள்.