நிஜமான தேதி

குடிநீர் அலுவலகத்தில் புகார் எழுதிக்கொள்ளும் அவளுக்கு ஊர் வைத்த பெயர் குழாயக்கா. வீட்டில் மாமியாரும் சில நேரம் அப்படித்தான் கூப்பிடுவார். "குழாயக்கா, நம்ம வீட்டுக் குழாயில வெறும் காத்துதான் வருது. அது என்னன்னு கொஞ்சம் பாரேன்."

என்னவென்று அவளுக்குத் தெரியும். நீரேற்றும் இரண்டு மோட்டார்களில் பெரியது எரிந்துபோய், பழுதுபார்க்க வெளியூருக்குப் போயிருந்தது. சின்ன மோட்டாரால் பாதி ஊருக்குத்தான் தண்ணீர் தள்ள முடியும். அதை எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டதில் யாருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை.

ஆனால் பொறியாளர் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "யார் கேட்டாலும் சாயங்காலம் வந்துடும்னு சொல்லும்மா. உள்ளதைச் சொன்னா கூரையைப் பிச்சு எறிஞ்சிடுவாங்க."

மூன்று நாளும் அப்படியே சொன்னாள். மூன்று சாயங்காலமும் வந்து போயின.

நான்காம் நாள் காலை, கதவைத் திறக்கும் முன்பே ஐம்பது பேர் நின்றார்கள். எதிர்ச் சுவரில், போன தேர்தலில் ஒட்டிய சுவரொட்டி இன்னும் கிழியாமல் இருந்தது: 'வீடுதோறும் இருபத்துநாலு மணி நேரமும் குடிநீர்'. அதைக் காட்டித்தான் எல்லோரும் கத்தினார்கள். மூன்றாம் மாடிக்காரர் ஒருவருக்குத் தண்ணீர் வந்தால் மட்டும் போதாது. குளியலறை ஷவரில் மழை மாதிரி கொட்ட வேண்டும். இன்னொருவருக்கு, அவர் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் பார்த்து வர வேண்டும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சலூன்காரர் வந்தார். பின்னாலேயே, கழுத்தில் துண்டும் தலை நிறைய நுரையுமாக அவருடைய வாடிக்கையாளர்.

"தண்ணி இல்லேன்னு கூட எனக்குக் கோபம் இல்லக்கா," என்றார் சலூன்காரர். "நேத்து சாயங்காலம் வந்துடும்னு நீங்க சொன்னதை நம்பி, குழாயைத் திறந்துகூடப் பாக்காம இன்னிக்குக் காலையில இவருக்கு நுரையைப் போட்டுட்டேன். இப்ப எதை ஊத்திக் கழுவ? இத்தனை நாள் ஆகும்னு முதல்லயே சொல்லியிருந்தா, கடையைச் சாத்திட்டு மாமனார் வீட்டுக்காவது போயிருப்பேன்ல?"

அவள் முகம் சிவந்துவிட்டது. தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நுரைத்தலைக்காரரிடம் கொடுத்தாள். பிறகு வாசலில் இருந்த கரும்பலகையைத் துடைத்துவிட்டு எழுதினாள்: 'பெரிய மோட்டார் எரிந்துவிட்டது. சரியாகி வர இன்னும் ஐந்து நாள் ஆகும் என்று பட்டறையில் சொல்கிறார்கள்.'

"அஞ்சு நாளா!" கூட்டம் கொதித்தது. சத்தம் கேட்டு வெளியே வந்த பொறியாளர் பலகையைப் படித்துவிட்டுப் பல்லைக் கடித்தார்.

"யாரைக் கேட்டும்மா எழுதின?"

"யாரையும் கேக்கல சார். பொய் சொல்லிச் சொல்லி நாக்கே செத்துப்போச்சு."

கால் மணி நேரம் திட்டித் தீர்த்தார்கள். அவள் நின்று கேட்டுக்கொண்டாள். தொண்டைகள் கொஞ்சம் ஓய்ந்தபோது, இரவுப் பணி முடித்து நேராக வந்திருந்த மேட்டுத்தெரு நர்ஸ் கேட்டாள்: "சரி, அஞ்சு நாள். அதுவரைக்கும் அந்தச் சின்ன மோட்டார் தண்ணி எங்க தெருவுக்கு எப்ப வரும்? அதையாவது சொல்லுங்க."

இதற்குப் பதில் சொல்ல முடியும். பொறியாளர் தயங்கித் தயங்கிச் சாக்குக்கட்டியை வாங்கினார். ஒவ்வொரு தெருவாக முறை வைத்துத் திறந்தால் தெருவுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று எழுத ஆரம்பித்தார்.

"எழுதினா போதுமா?" கையெல்லாம் கிரீஸோடு வந்து நின்ற குழாய் பிட்டர் கேட்டார். "பள்ளத்தெருவுல பாதிப் பேர் மெயின் குழாயிலயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுறீங்க. அப்புறம் மேட்டுக்கு எப்படி ஏறும்?"

திடீரென்று எல்லோருக்கும் தரையில் ஏதோ பார்க்க வேண்டியிருந்தது. கூட்டத்தில் நின்ற சலூன்காரரின் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்கில்ல?"

"உங்க கடை மேட்டுத்தெருவுலதானே?" என்றார் பிட்டர். "உங்க கடைத் தண்ணியை உங்க வீடே குடிச்சிருக்கு, போங்க."

முதலில் சிரித்தது நுரைத்தலைக்காரர்தான். பிறகு கூட்டமே சிரித்தது. சலூன்காரர் காது மடல் சிவக்க, "வாங்கய்யா, இப்பவே கழட்டிடறேன்," என்று பிட்டரைக் கையோடு இழுத்துக்கொண்டு போனார். அன்று மாலைக்குள் பதினோரு மோட்டார்கள் கழன்றன. சிலதைச் சண்டை போட்டுத்தான் கழற்ற வேண்டியிருந்தது.

மறுநாள் காலை மேட்டுத்தெருவின் முறை. அவளுக்கு மனசு கேட்காமல் போய் நின்றாள். குழாய் இரண்டு முறை இருமியது, சுண்டுவிரல் கனத்துக்கு ஒழுகியது, பிறகு குடம் அதிர விழுந்தது. நர்ஸ் அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். நிறைந்த குடத்தை நகர்த்திவிட்டு அடுத்த வீட்டுக் குடத்தை வைத்தாள்.

பலகையில் எழுதியதிலிருந்து ஐந்தாம் நாள் பட்டறையிலிருந்து தொலைபேசி வந்தது: இன்னும் இரண்டு நாள். அதையும் பலகையில் மாற்றி எழுதினாள். மூன்றாம் மாடிக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். மற்றவர்கள் முனகிக்கொண்டே, தங்கள் முறை எந்தக் கிழமை வருகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டார்கள்.

சொன்னபடி இரண்டு நாளில் பெரிய மோட்டார் வந்தது. அப்போதும் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். பொறியாளரே தன் கையால் அதை எழுதி வைத்தார்.

அடுத்த வாரம் சலூன்காரர் வந்து புகார் நோட்டில் நிதானமாக எழுதினார்: 'கடைக்கு எதிரே குழாய் கசிகிறது. அவசரம் இல்லை. நிஜமான தேதி மட்டும் சொல்லவும்.'

"கொஞ்சம் உக்காருங்கண்ணே," என்றாள். பிட்டரைக் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று தொலைபேசியை எடுத்தாள்.