காலி டேங்க்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிப் பிள்ளையையும் அதன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வண்டிக் கதவைச் சாத்தியபோதுதான் வேன்காரிக்கு அந்த வாடை வந்தது. பெட்ரோல் வாடை. குனிந்து பார்த்தாள். டேங்கின் அடிப்பக்க மடிப்பில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அது விழுந்ததும் அடுத்தது திரண்டது.

வீட்டுக்கு இன்னும் இரண்டு தெருதான். வேறு யாராக இருந்தாலும், இவ்வளவு தூரம் வந்த வண்டி இன்னும் ரெண்டு தெரு வராதா என்று சாவியைத் திருகியிருப்பார்கள். அவள் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு, எதிர்க் கடை வாசலில் நின்றவர்களைத் தள்ளக் கூப்பிட்டாள். நாலு பேர் வந்தார்கள். ஒருவர் உதட்டில் சிகரெட்டோடு வந்தார்.

"அதை அங்கேயே அணைச்சுப் போட்டுட்டு வாங்க. இல்லன்னா நீங்க வரவே வேணாம், மத்த மூணு பேரும் நானும் என் ஆத்திரமுமாச் சேர்ந்து தள்ளிக்கிறோம்."

"ஃபயர் சர்வீஸ் ஆரம்பிச்சிருச்சுடா" என்று சிரித்துக்கொண்டே அவர் அணைத்தார். அந்தத் தெருவில் அவளுக்கு அப்படியும் ஒரு பெயர் உண்டு. அதற்காக அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் அவள் பிழைப்பு. வண்டி அவளை விட நாலு வயதுதான் சின்னது. அதன் கிளட்ச், பிரேக், கார்புரேட்டர் எல்லாம் அவள் கை பட்டவை. பத்து வருஷத்துக்கு முன்னால் அதை வாங்கப் போனபோது முதலில் தடுத்தவன் கூடப் பிறந்த அண்ணன். "ஸ்டீயரிங்கைப் பிடிச்சுட்டா போதுமா? நடு ரோட்டுல மக்கர் பண்ணா என்ன பண்ணுவே, உட்கார்ந்து அழுவியா?" என்றான். அவன் பஸ் டெப்போவில் மேற்பார்வையாளன். ஊரே அவனை ஸ்பானர் என்றுதான் கூப்பிடும். அன்றைக்கே அவள் மனசில் முடிந்துகொண்டாள்: இந்த வண்டியால் ஒரு கஷ்டம் என்று அண்ணன் முன்னால் போய் நிற்கவே கூடாது.

சனிக்கிழமை விடிந்ததும் வேலையைத் தொடங்கினாள். ஷெட்டுக்குள் அல்ல, திறந்த முற்றத்தில். சக்கரங்களுக்குக் கட்டை வைத்தாள், பேட்டரியின் ஒயரைக் கழற்றி ஓரமாக மடக்கினாள், டேங்கிலிருந்த பெட்ரோலை இரும்புக் கேனில் வடித்து, மூடியை இறுக்கிக் கொண்டுபோய்ப் பின்பக்கச் சுவர் நிழலில் வைத்தாள். வேலை முடியும்வரை வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவள் புருஷன், காலையில் காப்பி இல்லாமல், திருட்டு முழி முழித்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"ஆச்சு."

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

அவன் பேச்சே அவ்வளவுதான். வீட்டில் அவன் குரல் உயர்ந்து கேட்டவர்கள் கிடையாது.

பத்து மணிக்கு டேங்கைக் கழற்றி இரண்டு செங்கல் மேல் வைத்தாள். நாலு முழ நீளம், தட்டையான இரும்புப் பெட்டி. மடிப்பு ஓரத்தில் விரல் நகம் அளவுக்குத் துரு அரித்திருந்தது. வேறு டேங்க் தேட வேண்டும். திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் பரீட்சை ஆரம்பம். நடுவில் இருப்பது ஒரே ஒரு ஞாயிறு, அன்றைக்குப் பழைய இரும்புக் கடைகள் பூட்டியிருக்கும்.

புருஷன் மனசு பொறுக்காமல் மச்சானுக்குப் போன் போட்டுவிட்டான். அது அவளுக்குத் தெரிந்தது, கேட்டுக்கு வெளியே ஒரு மூன்று சக்கர வண்டி வந்து நின்றபோதுதான். அதில் இரண்டு சிலிண்டர், நெருப்பு ஊதும் ஒரு வெல்டிங் டார்ச், கழுத்தில் துண்டு போட்ட ஒல்லியான வெல்டர் ஒருவர். முன்னால் ஸ்பானர்.

"நகத்தளவு ஓட்டைக்கு இவ்வளவு அமர்க்களமா?" என்றான் அண்ணன், செருப்பைக் கூடக் கழற்றாமல். "பத்து நிமிஷ வேலை. பத்த வெச்சு ஊதிட்டா, சாயங்காலம் வண்டி ஓடும். மாப்பிள்ளை, ஒரு பக்கெட் தண்ணி கொண்டாங்க."

தண்ணீர் வந்தது. டேங்கின் வாயில் ஊற்றி, தூக்கி நாலு குலுக்குக் குலுக்கி, சாக்கடையில் கவிழ்த்தான். "முடிஞ்சுது. சுத்தமா அலசியாச்சு. தம்பி, கொண்டா டார்ச்சை."

வெல்டர் குழாயை அவிழ்க்கத் தொடங்கினார்.

வேன்காரி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள். "அண்ணே, வேணாம்."

"என்ன வேணாம்?"

"அந்த டேங்க்ல நெருப்பு வைக்க வேணாம். திங்கட்கிழமை பழைய இரும்புக் கடையில வேற டேங்க் பார்த்துக்கிறேன்."

"திங்கட்கிழமை பிள்ளைங்களை உன் தோள்லயா தூக்கிட்டுப் போவே? இது காலி டேங்க். உள்ளே எரியறதுக்கு என்ன இருக்கு?"

"அதைத்தான் சொல்றேன். காலியா இருக்கிறதுதான் வம்பே. பெட்ரோல் நிறைஞ்சிருந்தா உள்ளே காத்துக்கு இடமில்ல. இப்ப உள்ளே முழுக்க ஆவியும் காத்தும். துருவுக்குள்ள, மடிப்புக்குள்ள ஊறிக் கிடக்கிறது ஒரு பக்கெட் தண்ணிக்கு வராது. சூடு பட்டா வெளியே வரும்."

ஸ்பானர் வெல்டரைப் பார்த்துக் கண்ணடித்தான். "பார்த்தியா, என் தங்கச்சி காலேஜ்ல பாடம் எடுக்கப் போறா. டெப்போல இந்த மாதிரி நூறு டேங்க் பார்த்தவன் நான்."

"நீ பத்த வெச்சியா, பத்த வைக்கச் சொன்னியா?"

 பதினைந்து வருஷமாக ஸ்பானர் பிடித்தது பேனாவைத்தான். அது எல்லோருக்கும் தெரியும். யாரும் அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

"நகரு" என்றான் அவன். காது மடல் சிவந்துவிட்டது. "தம்பி, நீ வேலையைப் பாரு."

அவள் நகர்ந்தாள். நகர்ந்து போய், புடவையை ஒதுக்கிக்கொண்டு, டேங்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் ஏறியிருந்தது. இரும்பு தொடையைச் சுட்டது. அவள் அசையவில்லை. கேட்டுக்கு வெளியே இரண்டு மூன்று தலைகள் முளைத்தன. நேற்று சிகரெட் அணைத்தவரும் அதில் ஒருவர். "ஃபயர் சர்வீஸ் தவம் பண்ணுதுடோய்" என்றார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"எந்திரி. ஊர் சிரிக்குது."

"சிரிக்கட்டும். வாய் வலிச்சா நிறுத்திக்குவாங்க."

"ஒரு பொம்பளைக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது. பயந்தாங்கொள்ளியா இருந்தா வண்டி வேலையில இறங்கியிருக்கக் கூடாது. அன்னிக்கே சொன்னேன்."

அந்த 'அன்னிக்கே சொன்னேன்'தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வருஷமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததை அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் பூட்டி வைத்திருந்தாள். இப்போது அந்த வார்த்தை எப்படியும் வந்துவிட்டது. இனி எதற்குப் பூட்டு?

புடவைக்கு மேலே போட்டிருந்த சட்டையின் வலது கையை முழங்கை வரை சுருட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே தோல் வழவழவென்று, வேறு யாருடைய தோலையோ ஒட்டியது போல மினுங்கியது.

"இது ரேடியேட்டர் ஆவி பட்டதுன்னு சொன்னேன்ல? பொய். பெட்ரோல். அதோ அந்த ஷெட்டுல. மழைன்னு கதவைச் சாத்திட்டு, அகலமான பேசின்ல பெட்ரோல் ஊத்தி கார்புரேட்டர் கழுவிட்டிருந்தேன். சுவருக்கு அந்தாண்ட வெந்நீர் ஹீட்டர். அதுக்குள்ள ஒரு சின்னச் சுடர் எப்பவும் எரியும். சுவருக்கு அடியில இவ்வளவு பெரிய சந்து. எனக்கும் அதுக்கும் ஆறு எட்டு வைக்கிற தூரம், அண்ணே. ஆறு எட்டு! நான் தீக்குச்சி கிழிக்கல, ஒண்ணும் பண்ணல. ஆவி தரையோட தவழ்ந்து போய்த் தானே அந்தச் சுடரைத் தொட்டிருக்கு. தரையில நீலமா ஒரு கோடு என்னைப் பார்த்து ஓடி வந்துச்சு. கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள பேசின் முழுக்க நெருப்பு. பக்கத்துல ஒரு பலகை கிடந்துச்சோ, மூடினேனோ, பிழைச்சேனோ. ஒரு மாசம் புருவத்தை மையால வரைஞ்சுக்கிட்டுத் திரிஞ்சேன். ஏன் பொய் சொன்னேன் தெரியுமா? நீ 'அன்னிக்கே சொன்னேன்'னு சொல்லுவேன்னு. சொல்லு. இப்ப நல்லா வாய் நிறையச் சொல்லு. ஆனா இதுக்குக் கிட்ட நெருப்பைக் கொண்டு வராதே."

வெளியில் நின்றவர்கள் சிரிக்கவில்லை. அவள் புருஷனைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தரையைப் பார்த்தாள். அவனிடமும் அதே பொய்யைத்தான் சொல்லியிருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றான் புருஷன்.

அவள் நிமிர்ந்தாள்.

"நான் மருந்துக் கடையில இருக்கேன். ரேடியேட்டர் ஆவி புருவத்தைப் பொசுக்காது." அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "நீயாச் சொல்றப்ப சொல்லட்டும்னு இருந்தேன்."

சொல்லிவிட்டு உள்ளே போனான். சமையலறையில் கிடந்த முக்காலியைத் தூக்கி வந்து டேங்குக்குப் பக்கத்தில் போட்டு, ஒரு மடக்குக் குடையை விரித்து, பாதி அவளுக்கும் பாதி தனக்குமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"மாப்பிள்ளை, நீங்களுமா?" என்றான் ஸ்பானர்.

"ஆமா மச்சான். கூப்பிட்டது என் தப்பு. மன்னிச்சுக்குங்க."

ஸ்பானருக்கு இப்போது இறங்கி வர வழியில்லாமல் போயிற்று. நாலு பேர் பார்க்கிறார்கள். தங்கை வேலைக்காரனைக் கேட்பது போலக் கேட்டுவிட்டாள். வெல்டர் பக்கம் திரும்பினான். "அவ கவனமில்லாம பண்ணா, சுட்டுக்கிட்டா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நீ தொழில் தெரிஞ்சவன்தானே, சொல்லு."

வெல்டர் அவிழ்த்த குழாயை மெல்லச் சுருட்டிக்கொண்டிருந்தார். "சார், வர்ற வழியில நீங்க தண்ணி டேங்க்னு சொன்னீங்க."

"டேங்க்னுதான்யா சொன்னேன்!"

"எனக்குத் தண்ணி டேங்க்னு காதுல விழுந்துச்சு. பெட்ரோல் டேங்க்னா கொதிநீர்ல கழுவி, ஆவியடிச்சு, சோதனை பண்ணித் தர்ற பட்டறை தனியா இருக்கு. அவங்களே எல்லா டேங்கையும் தொட மாட்டாங்க." கடைசியில் டார்ச்சை நீட்டினார். "உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கைன்னா இந்தாங்க சார். நான் தெருமுனையில போய் நிக்கிறேன்."

ஸ்பானரின் கை நீண்டது. ரோஷம் நீட்டிய கை அது.

வேன்காரி துள்ளி எழுந்தாள். "யோவ், அதை அவன் கையில குடுக்காதேய்யா!" குரல் தெருக்கோடி வரை போயிருக்கும். "அவன் வீம்புக்குப் பத்த வெச்சுருவான். அவனுக்கு ஒண்ணுன்னா விழுந்து அழப்போறவ நான்தான், நீ இல்ல. எடுத்துட்டுக் கிளம்பு!"

வெல்டர் கிளம்பினார். கிளம்பும்போது "வர்றேன்க்கா" என்று அவளிடம் மட்டும் சொன்னார்.

 அண்ணன், "உன் வீட்டு வாசப்படி மிதிச்சேன்னா ஏன்னு கேளு" என்று சொல்லிவிட்டு, கேட்டை அறைந்து சாத்திக்கொண்டு போனான். அவள் தடுக்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது, அதையும் தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். இரண்டு நாளைக்கு வண்டி வராது, வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்றாள். பாதிப் பேர் சரி என்றார்கள், மீதிப் பேர் முணுமுணுத்தார்கள். ஒரு வீட்டில் மட்டும், "பரீட்சை நேரத்துல இப்படிக் காலை வாரி விட்டா எப்படி? இனிமே வரவே வேணாம்" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னார்கள். "சரி" என்று வந்துவிட்டாள். காரணம் கேட்டால் சொல்லியிருப்பாள். அவர்கள் கேட்கவில்லை.

திங்கள் முழுக்க அலைந்து, பழைய இரும்புக் கடையில் அதே ரக வண்டியின் நல்ல டேங்க் ஒன்றைப் பிடித்தாள். செவ்வாய் காலை மாட்டி, கொஞ்சமாகப் பெட்ரோல் ஊற்றி, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தாள். சாயங்காலம் பார்த்தபோது தாள் காய்ந்தே இருந்தது. ஓட்டை டேங்கைப் பழைய இரும்புக்குப் போடும்போது, அதன் மேல் 'பெட்ரோல் டேங்க், நெருப்பு காட்டாதே' என்று சாக்பீஸால் பட்டை பட்டையாக எழுதி, கடைக்காரரை இரண்டு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். அவர் பள்ளிப் பிள்ளை மாதிரி படித்தார்.

புதன்கிழமை வண்டி ஓடியது.

நீ சொன்னதுதான் சரி என்று யாரும் வந்து சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? வெடித்திருந்தால் ஊரே பேசும். வெடிக்காத டேங்கைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? கடை வாசலில், "ஒண்ணுமே ஆகியிருக்காது, பத்து நிமிஷ வேலை, வீணா ரெண்டு நாள் போச்சு" என்றுதான் பேச்சு நடந்தது. அவள் காதிலும் விழுந்தது. ஹாரனை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

அண்ணன் போனை எடுக்கவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாசம். நாலாம் தடவைக்கு மேல் அவளும் போடவில்லை.

ஐந்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி கூப்பிட்டாள். எடுத்த எடுப்பிலேயே பொரிந்து தள்ளினாள்.

"உன் அண்ணன் என்ன பண்ணார் தெரியுமா? ஸ்கூட்டரைப் பிரிச்சு அந்தச் சாமான்களை எடுத்துட்டு வந்து, சமையல்கட்டுத் தரையில உட்கார்ந்து, பெயிண்ட் தின்னர் ஊத்தித் துடைக்கிறார். நான் அடுப்புல சோறு வெச்சிருக்கேன்! ஸ்டவ்வை அணைச்சேன், ஜன்னலைத் திறந்தேன், எந்திரிச்சு வெளியே போங்கன்னேன். முறைச்சார். போற வரைக்கும் சோறு கிடையாதுன்னுட்டேன். இப்ப மொட்டை மாடியில உட்கார்ந்திருக்கார்."

வேன்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். "வெயில்லயா அண்ணி? வெயில்ல வேணாம். தின்னர் டப்பா சூடாகக் கூடாது. நிழலாப் பார்த்து, காத்து வர்ற இடமா உட்காரச் சொல்லுங்க. வேணுங்கிறதை மட்டும் ஊத்திக்கிட்டு டப்பாவை மூடச் சொல்லுங்க."

"நீயே சொல்லு. படியேறிப் போய் நான் சொன்னா கேட்கிற ஆளா?"

மூச்சு வாங்கப் படியேறும் சத்தம். முணுமுணுப்பு. போன் கை மாறியது. 

"துடைச்ச துணியை எங்கே போடறது?" என்றான் அண்ணன். நலமா என்று கூடக் கேட்கவில்லை.

"சுருட்டி மூலையில எறியாதே. தனித்தனியா விரிச்சு வெளியிலயே காயப்போடு. காஞ்சப்புறம் மூடி போட்ட தகர டப்பாவுல போட்டு வை."

"மூடி வேணுமா?"

"வேணும்."

"உங்க அண்ணி மாவு டப்பாவைத் தர மாட்டேங்கிறா."

"அவங்க ஏன் தரணும்? கடையில போய் வாங்கு. அது வர்ற வரைக்கும் வேலையை நிறுத்து."

போன் பட்டென்று அணைந்தது. அவள் அதை மேஜை மேல் வைத்துவிட்டு, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே துணி மடித்தாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி அடித்தது.

"கடை பூட்டியிருக்கு. நாளைக்குத்தான் திறப்பானாம்."

"அப்ப நாளைக்குப் பண்ணு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"சரி" என்றான் ஸ்பானர்.